மதியத்துக்கு மேல், இடது காதுக்குப் பின்னால்

அந்த அக்கா தெருமுனையில் வருவது தெரிந்தால் எங்கள் முதலாளி டீ குடிக்கக் கிளம்பிவிடுவார். கடைக்கு எதிரிலேயே டீக்கடை இருந்தது. அங்கே நின்றால் கண்ணில் பட்டுவிடுவோம் என்று ஜங்ஷன் ரோடு வரைக்கும் நடந்து போய்க் குடிப்பார். "ஏம்மா, உன் ஆளு வந்தாச்சி, நீயே பாத்துக்க" என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டுவார். அந்த அக்கா உள்ளே வந்ததும் முதலில் கேட்பது, "என்னா, உங்க மொதலாளி இன்னிக்கும் டீயா?" என்றுதான்.

விருத்தாசலத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் நான் அப்போது வேலை செய்துகொண்டிருந்தேன். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து காலை பஸ்ஸில் வருவேன், விளக்கு வைத்த பிறகு திரும்புவேன். பவர் பார்ப்பதற்கு வாரத்தில் மூன்று நாள் ஒருவர் வருவார். ஃப்ரேம் எடுத்துக் காட்டுவது, லென்ஸைத் தேய்த்துப் பொருத்துவது, முகத்தில் மாட்டிப் பார்த்துச் சூடு காட்டி வளைப்பது, சரியில்லை என்று திரும்பி வருகிறவர்களைச் சமாதானம் செய்வது, எல்லாம் என் வேலை. கடைசியாகச் சொன்னதுதான் அதில் பாதி.

எங்கள் தொழிலில் ஒரு சொல் உண்டு. குறடு, ஸ்க்ரூ டிரைவரைவிட அதைத்தான் அதிகம் எடுப்போம். மூக்கில் அழுத்துகிறதா? ரெண்டு நாள் போடுங்க, பழகிடும். படி இறங்கும்போது தரை மேலே வருகிற மாதிரி இருக்கிறதா? பழகிடும். காதுக்குப் பின்னால் எரிகிறதா? புதுசு இல்லீங்களா, பழகிடும். இதில் பொய் ஒன்றும் இல்லை. நிறையப் பேருக்குப் பழகித்தான் போகிறது. பழகாதவர்கள் கழற்றி டிவி மேல் வைத்துவிடுகிறார்கள். திரும்பி வருவதில்லை.

அந்த அக்காவிடம் நான் அந்தச் சொல்லை முதல் தடவை சொன்னபோது, கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, "பழகிட்டா வலி போயிடுமா, இல்ல வலிக்கிறது தெரியாம போயிடுமா? ரெண்டுல எது?" என்று கேட்டார். சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். 

என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருப்பார். செராமிக் பொம்மை செய்கிற ஒரு கம்பெனியில் ஃபினிஷிங் வேலை. அச்சிலிருந்து எடுத்த பொம்மையில் இரண்டு பக்கமும் ஒட்டிய இடத்தில் ஒரு கோடு ஓடுமே, அதைக் கத்தியால் சுரண்டி எடுக்க வேண்டும். பிள்ளையாரின் விரல் இடுக்கு, மயிலின் கழுத்து, விளக்குப் பெண்ணின் புடவை மடிப்பு என்று கண்ணைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்க்கிற வேலை. நாற்பது தாண்டியதும் அது தெரியாமல் போனது. அதனால்தான் எங்களிடம் வந்தார்.

பெரும்பாலானவர்கள் வந்து, "ஒரு மாதிரியா இருக்குது" என்பார்கள். எந்த மாதிரி என்று கேட்டால், "ஒரு மாதிரிதான்" என்பார்கள். அந்த அக்கா அப்படி இல்லை. "காலையில ஒண்ணும் இல்ல. மதியம் சாப்ட்டு வந்து ஒக்காந்தப்பறம், இடது காதுக்குப் பின்னால, மேல இல்ல, நடுவுல, உளுந்து அளவு எடத்துல வலிக்குது. கழட்டிட்டா அடங்குது. மறுபடி போட்டா ஒடனே வரல, பொம்மை நாலு முடிக்கறதுக்குள்ள வருது." இப்படிச் சொல்வார். இன்னொரு நாள், "குனிஞ்சா வழுக்குது. சிரிச்சா கன்னம் இடிச்சி மேல தூக்குது" என்று சொன்னார். அன்றைக்கு டீக்குப் போக நேரம் கிடைக்காமல் மாட்டிக்கொண்ட முதலாளி, "வேல செய்யற எடத்துல என்னாத்துக்குங்க சிரிப்பு?" என்றார். "வேல செய்யற எடத்துலதாங்க சிரிக்கறோம். வூட்ல ஏது நேரம்?" என்றார் அந்த அக்கா. முதலாளி கல்லாப் பெட்டியைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தார்.

முதலில் கொடுத்தது ஷெல் ஃப்ரேம், தடித்த பிளாஸ்டிக். அதில் கண்ணாடி லென்ஸ். பீங்கான் தூளைப் புடவைத் தலைப்பால் துடைத்தால் பிளாஸ்டிக் லென்ஸ் ஒரே மாதத்தில் கீறிப்போகும், அதனால் கண்ணாடி லென்ஸ்தான் தாங்கும் என்று நான்தான் சொன்னேன். தாங்கியது. ஆனால் அந்தக் கனத்துக்கு வியர்த்த மூக்கில் நிற்காமல் சரிந்தது. அடுத்து மெட்டல். ஒரே வாரத்தில் மூக்கின் இரண்டு பக்கமும் கறுத்து, அரித்து, தோல் உரிந்துவிட்டது. மலிவான மெட்டல் சில பேர் வியர்வைக்கு ஒத்துக்கொள்ளாது. அதற்கும் நான் "பழகிடும்" என்று சொல்லப் போய், அவர் மூக்கைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

மூன்றாவதாக டி.ஆர். ஃப்ரேம். நைலான் மாதிரி ஒரு சாமான். முறுக்கினால் முறுக்கும், விட்டால் நேராகிவிடும். முதலாளி அதை ஆட்கள் முன்னால் வளைத்துக் காட்டி, "போட்டிருக்கறதே தெரியாது, காகிதம் மாதிரி" என்று விற்பார். அந்த அக்காவும் வாங்கிப் போனார். நான்காம் நாள் வந்து நின்றார்.

"கனம் தெரியல. வலி தெரியுது. அதே எடம்."

அன்றைக்கு ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கான கண்ணாடிகள் மொத்தமாக வந்திருந்தன. காலையிலிருந்து நின்றுகொண்டே ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடையில் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். நான் அந்த ஃப்ரேமை வாங்கிச் சூடு காட்டி வளைத்தேன். கையை எடுத்ததும் பழையபடி நிமிர்ந்தது. இன்னொரு தடவை. மறுபடியும் நிமிர்ந்தது. "இப்பவும் அதே எடம்தாம்மா" என்றார் அவர். எனக்கு எங்கிருந்து வந்ததோ, சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

"அக்கா, இந்த ஊர்ல எத்தினியோ பேரு இதே ஃப்ரேமத்தான் போட்டிருக்காங்க. யாருக்கும் அழுத்தல. உங்களுக்கு மட்டும்தான் அழுத்துது. கோளாறு ஃப்ரேம்ல இல்ல."

 காத்திருந்தவர்களில் ஒரு பெரியவர் சிரித்தார். அந்த அக்கா கோபப்படவில்லை. "செரி, அப்ப என் மண்டையிலதான் கோளாறு. மண்டைய அளந்து பாரு" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலை கூட்டம் இல்லை. அந்த ஃப்ரேமை எடுத்து மேசைக் கண்ணாடி மேல் கவிழ்த்து வைத்தேன். நாங்கள் நேர் பார்க்கும் முறை அதுதான். காதில் மாட்டுகிற இரண்டு காலும் மேசையைத் தொட்டன. ஆடவில்லை. ஃப்ரேமில் ஒரு குறையும் கிடையாது. அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷமாக நான் ஃப்ரேமை மேசைக்குத்தான் நேராக்கிக்கொண்டிருக்கிறேன். போட்டுக்கொள்ளப் போவது மேசை இல்லையே.

சாயங்காலம் வேலை விட்டு அவர் அந்த வழியாகப் போகும்போது கூப்பிட்டேன். நேற்று பேசியதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. நாற்காலியில் உட்காரவைத்து ஸ்கேலை நெற்றிக்குக் குறுக்கே பிடித்துப் பார்த்தேன். இடது காது வலதைவிட இறங்கியிருந்தது. இறங்கியிருந்தது மட்டும் இல்லை, கொஞ்சம் பின்தள்ளியும் இருந்தது. நாங்கள் இரண்டு காலையும் ஒரே இடத்தில் வளைத்திருந்தோம். வலது பக்கம் வளைவு காதைத் தாண்டி ஒழுங்காக இறங்கியது. இடது பக்கம் காதைத் தாண்டுவதற்கு முன்பே வளைந்து அதன் முதுகில் குத்திக்கொண்டிருந்தது. காலையில் தோல் காய்ந்திருக்கும், பொறுத்துக்கொள்ளும். மதியத்துக்கு மேல் வியர்வையில் ஊறியதும் குத்து உறைக்கும். அவர் சொன்னது ஒவ்வொன்றும் சரி. நேரம் சரி. இடம் சரி. உளுந்து அளவு என்றதும் சரி.

டி.ஆர். ஃப்ரேம் பேச்சைக் கேட்காது. அதனால் அவர் அன்றைக்குப் போட்டுவந்திருந்த பழைய ஷெல் ஃப்ரேமைச் சூடாக்கி, இடது காலை மட்டும் கீழே இறக்கி, வளைவைப் பின்னுக்குத் தள்ளி மாட்டிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

"வலி போயிடுச்சி. ஆனா கனம் இருக்குது."

"அதுக்கு ஒண்ணுதான்க்கா இருக்குது. டைட்டானியம். டி.ஆர். மாதிரியே கனம் தெரியாது, இது மாதிரி சொன்ன பேச்சும் கேக்கும். கறுக்காது, அரிக்காது. வெலதான் சாஸ்தி."

ஷெல்லை ஒரு கையிலும் டைட்டானியத்தை இன்னொரு கையிலும் வைத்து, தக்காளி நிறுப்பது மாதிரி தூக்கித் தூக்கிப் பார்த்தார். "புடவ வாங்கினா நாலு நாளு கட்டுவேன். இது தெனமும் மூஞ்சில இருக்கப் போவுது" என்று சொல்லி அதையே எடுத்துக்கொண்டார். லென்ஸும் இந்தத் தடவை பிளாஸ்டிக்தான். கீறும் என்று எச்சரித்தேன். "தொடச்சாத்தானே கீறும்? தண்ணியில அலசிக்கறேன்" என்றார். அன்றிலிருந்து வேலை செய்கிற இடத்தில் ஒரு மக்கில் தண்ணீர் வைத்துக்கொண்டு அதிலேயே முக்கி எடுப்பாராம்.

நான் வளைத்து முடித்த அந்த ஃப்ரேமை முதலாளி மேசையில் வைத்துப் பார்த்தார். ஒரு கால் அந்தரத்தில் நின்றது. "என்னாம்மா இது, கோணலா இருக்குது? இப்பிடியா குடுப்ப?" என்றார். அந்த அக்கா வாங்கி மாட்டிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றார். முகத்தில் அது நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது.

அதற்குப் பிறகு நான் வேலை செய்த விதமே மாறிப்போனது. "எப்பிடி இருக்குது?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "எங்க அழுத்துது?" என்று கேட்க ஆரம்பித்தேன். நேரம் அதிகம் பிடித்தது. முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. எனக்கும் சலிப்பாகத்தான் இருந்தது. ஒருவரிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்டுவிட்டால், பிறகு அதைச் சரி செய்யவும் வேண்டும் அல்லவா?

கம்பெனியிலும் அவர் அப்படித்தான் என்று, அவரோடு வேலை செய்த இன்னொரு பெண் கண்ணாடி வாங்க வந்தபோது சொன்னாள். காய்ந்த பொம்மையைச் சுரண்டினால் மாவு மாதிரி தூள் பறக்கும். எல்லாருக்கும் இருமல். மேஸ்திரி, "பீங்கான் வேலன்னா தூசி இருக்கத்தான் செய்யும், பழகிடும்" என்று சொல்லியிருக்கிறார். இந்த அக்கா விடவில்லை. பொம்மையை ஈரப் பஞ்சால் தொட்டுவிட்டுச் சுரண்டினால் தூள் பறக்காது என்று செய்து காட்டினார். மாஸ்க் வேண்டும் என்றார். துணி மாஸ்க் வந்தது. "இதுல தூசி பூந்து வருது, மூக்குக்குள்ள விரல வுட்டா வெள்ளையா வருது, பாருங்க" என்று மேஸ்திரியிடமே விரலைக் காட்டினார். வேறு மாஸ்க் வந்தது. பிறகு தூசியை வெளியே இழுக்கிற ஃபேன் கேட்டார். அதற்கு ஒரு வருஷம் ஆனது, ஆனால் வந்தது.

"அவங்களால எங்களுக்கு இருமல் கொறஞ்சிது. ஆனா தலவலி சாஸ்தி ஆயிடிச்சி" என்று அந்தப் பெண் சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா அவங்க இல்லன்னா எங்களுக்காக யாரு வாயத் தொறக்கறாங்க, சொல்லுங்க?" என்றாள்.

அதே பெண்தான் அடுத்த வருஷம் வந்து மீதியைச் சொன்னாள். ஃபினிஷிங் வேலையைக் கம்பெனி வெளியே கான்ட்ராக்டுக்கு விட்டுவிட்டது. அந்த அக்காவையும் சேர்த்து அந்தப் பிரிவில் இருந்த ஏழு பெண்களையும் நிறுத்திவிட்டார்கள். கணக்குப் பார்த்துத்தான் நிறுத்தினார்களோ, அல்லது மாஸ்க், ஃபேன் என்று கேட்டுக் கேட்டு எரிச்சலாக்கியதால் நிறுத்தினார்களோ, யாருக்குத் தெரியும்? ஆனால் வீட்டுக்கு அனுப்பும்போது மேஸ்திரி, "உங்க அக்காகிட்ட போய்க் கேளுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார். அது போதாதா? அந்த அக்கா ஒவ்வொருத்தர் வீடாகப் போய் நின்றிருக்கிறார். ஒருத்தி கதவைச் சாத்தினாள். ஒருத்தி தெருவில் நின்று, "உன் வாயால எங்க சோறு போச்சி" என்று கத்தினாள்.

"நீ என்ன சொன்ன?" என்று அவளைக் கேட்டேன்.

அவள் புது ஃப்ரேமைப் போட்டுக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் ஒண்ணும் சொல்லல. வூட்டுக்குள்ளயே இருந்துட்டேன்" என்றாள்.

அதற்கு இரண்டு மூன்று மாதம் கழித்து அந்த அக்கா கடைக்கு வந்தார். முதலாளி வழக்கம்போல் செருப்பை மாட்டினார். அந்த அக்கா டீயைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பையிலிருந்து கண்ணாடியை எடுத்து வைத்தார். யாரோ மேலே உட்கார்ந்துவிட்டது போல் இடது கால் முறுக்கிக் கிடந்தது. இப்போது ஒரு கொட்டகையில் கான்ட்ராக்டுக்குச் சுரண்டுகிற வேலை, எண்ணிக்கைக்குக் கூலி என்றார். தண்ணீர் மக்கெல்லாம் அங்கே கிடையாது போல. லென்ஸ் முழுக்கக் கீறல்.

அன்றைக்கு எனக்கு உடம்பு முடியவில்லை. வரும்போது பஸ்ஸிலும் உட்கார இடம் கிடைக்கவில்லை. கடையில் கூட்டம் வேறு. குறடால் பிடித்து நிமிர்த்தி, அவர் முகத்தில் மாட்டினேன். சரியாக வரவில்லை என்று பார்த்த உடனே தெரிந்தது. இடது பக்கம் ஏறி நின்றது. காதுக்குப் பின்னால் வளைவு பழைய இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. இன்னும் அரை மணி நேர வேலை இருக்கிறது.

"எங்கக்கா அழுத்துது?" என்று கேட்டேன்.

அவர் எழுந்துவிட்டார். "இருக்குது. பழகிடும், வுடு" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

நான் கூப்பிடவில்லை. அதைத்தான் இத்தனை நாள் கழித்தும் சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. அப்பாடா, ஒரு ஆள் முடிந்தது என்று அடுத்தவரைப் பார்த்து, "வாங்கம்மா" என்றேன். அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. ராஜேந்திரப்பட்டினம் தாண்டும் வரைக்கும்கூட எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அதற்குப் பிறகுதான் அவர் சொன்ன சொல் என்ன என்று காதில் விழுந்தது.

இரண்டு வாரம் அப்படியே போனது. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை குறடையும் ஸ்க்ரூ டிரைவரையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அவர் வீடு கம்மாபுரம் தாண்டி உள்ளே இருந்தது. சுரங்கத்துக்கு நிலம் போனவர்களுக்கு மனை கொடுத்து உட்காரவைத்த இடம். எல்லா வீடும் ஒரே மாதிரி இருந்ததால் இரண்டு பேரிடம் விசாரித்தேன். இரண்டாவது ஆள், "வாசப்படிய இடிச்சிக் கட்டினவங்க வூடா? அதோ" என்று காட்டினார்.

அவருடைய வீட்டுக்காரர் வெளியே வந்தார். மெலிந்த மனிதர். யார் என்று சொன்னதும், "கண்ணாடிக்கட அம்மாவா? வாங்க, வாங்க" என்றார். எல்லா வீட்டிலும் வாசற்படி முழங்கால் உயரத்துக்கு இருந்தது. இவர்கள் வீட்டில் மட்டும் அதை வெட்டி இரண்டாக்கிச் சிமெண்ட் பூசியிருந்தார்கள். நான் அதைப் பார்ப்பதைக் கவனித்து, "எல்லாரும் கால தூக்கி வெச்சிப் பழகிட்டோங்க. அவதான் கடப்பாரைய எடுத்தா" என்றார். பிறகு உள்ளே பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "இப்ப பேசறதே இல்லீங்க. சோத்துல உப்பு இல்லன்னாகூட ஒரு வார்த்த சொல்றதில்ல. இத்தினி வருஷமா இவ வாய மூட மாட்டாளான்னு இருந்தேன். இப்ப பயமா இருக்குது."

அந்த அக்கா கூடத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஆச்சரியப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. "என்னா இவ்ளோ தூரம்?" என்றார். கண்ணாடி போட்டிருக்கவில்லை. கேட்டேன். ஆணியில் மாட்டியிருந்ததை எடுத்துக் கொடுத்தார். வேலைக்குப் போகும்போது போட்டுக்கொள்வதாகச் சொன்னார். தலைமுடியை ஒதுக்கிக் காதுக்குப் பின்னால் பார்த்தேன். பொருக்குத் தட்டி, உரிந்து, மறுபடி பொருக்குத் தட்டியிருந்தது.

வீட்டுக்காரரிடம் ஒரு சொம்பில் கொதிக்கிற தண்ணீர் கேட்டேன். டைட்டானியம் ஃப்ரேமின் காது முனையில் ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கும். ஹீட்டர் இல்லாவிட்டாலும் கொதிநீரில் அது இளகும். முக்கி எடுத்து வளைத்தேன்.

"எங்கக்கா அழுத்துது?"

"ஒண்ணும் இல்ல."

"இங்க?"

அவர் முறத்தை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

நான் குறடைக் கீழே வைத்துவிட்டேன். "அக்கா, அன்னிக்கு நீங்க பழகிடும்னு சொல்லிட்டு எறங்கிப் போனீங்க இல்ல? அப்ப எனக்கு நிம்மதியா இருந்துச்சி. சரியா இல்லன்னு தெரிஞ்சேதான் வுட்டேன். அதச் சொல்லிட்டுப் போவலாம்னுதான் வந்தேன்."

அவர் என்னைப் பார்த்தார். முறத்தைத் தள்ளி வைத்தார்.

"ஒன்னயும் ரொம்பக் களைப்பாக்கிட்டேன் போலருக்குது."

"ஆமாக்கா" என்றேன். 

அவருக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம்தான். பிறகு வெளியே பார்த்துக்கொண்டு, நான் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார்.

"திட்டினது வலிக்கல. கதவச் சாத்தினதும் வலிக்கல. வயித்தெரிச்சல், சாத்தத்தான் செய்வாங்க. ஒருத்தி இருக்கறா, எல்லாருக்கும் சின்னவ. அவளுக்குத்தான் மொதல்ல இருமல் நின்னுது. அவ வூட்டுக்குப் போனேன். உள்ள போயி அந்த மாஸ்க்க எடுத்துட்டு வந்து, என் முன்னாடியே குப்பையில போட்டா. ஒரு வார்த்த பேசல. போட்டுட்டு உள்ள போயிட்டா. அதுதான். அந்த எடம்தான்." நெஞ்சில் கையெல்லாம் வைக்கவில்லை. குப்பைத்தொட்டி இருக்கிற திசையைக் காட்டுவது போல் விரலை நீட்டிக் காட்டினார்.

 தண்ணீர் ஆறிப்போனது. அவரே எழுந்து போய் இன்னொரு தடவை சுட வைத்துக் கொண்டுவந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு தலையைக் குனிந்து நிமிர்ந்தார்.

"இடது பக்கம் இன்னும் ஒரு அரிசி அளவு பின்னால போவணும்."

தள்ளினேன்.

"அரிசின்னா பொன்னி. நீ குண்டரிசி அளவு தள்ளிட்ட."

மறுபடி முக்கி, கொஞ்சம் முன்னால் இழுத்தேன். இப்படி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்து நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் அந்த அக்கா, "இந்தத் தண்ணி செரியா கொதிக்கல, அடுப்ப ஏத்தி வைங்க" என்று வீட்டுக்காரரை அதட்டினார். அந்த மனிதர் ஓடிப்போய் அடுப்பை ஏற்றினார்.

முடிந்து நான் கிளம்பும்போதுதான் அந்த அக்கா கேட்டார். "வந்ததுலேர்ந்து நின்னுக்கிட்டே செய்யறியே, என்னாத்துக்கு?"

அப்போதுதான் கவனித்தேன். அவர் பாயில் உட்கார்ந்திருந்தார். நான் ஒரு மணி நேரமாகச் சுவரோரம் நின்று, குனிந்து குனிந்து மாட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். "கடையில நின்னுதானேக்கா வேல. பழகிடுச்சி" என்றேன்.

என் கணுக்காலைப் பார்த்தார். "வீங்கியிருக்குது. எத்தினி மணிக்கு மேல வலி வருது?"

"அதெல்லாம் பாக்கறதில்லக்கா."

"பாரு" என்றார். அவ்வளவுதான்.

வேலை போன மற்ற ஆறு பேரில் இரண்டு பேர் பிறகு அவரிடம் வந்து பேசினார்கள் என்று கேள்விப்பட்டேன். மாஸ்க்கைக் குப்பையில் போட்ட பெண் அதில் இல்லை. கொட்டகையில் ஈரப் பஞ்சு வைத்துச் சுரண்ட விடமாட்டோம் என்றார்களாம், நேரம் ஆகிறது என்று. அங்கேயும் ஒரு வருஷம் சொல்லிப் பார்த்துவிட்டு, வேப்பூர் பக்கம் மகள் இருக்கிற ஊருக்கு அவரும் வீட்டுக்காரரும் போய்விட்டார்கள். போவதற்கு முன் கடைக்கு வந்து லென்ஸை மட்டும் மாற்றிக்கொண்டு போனார். நான் அன்றைக்கு லீவு. முதலாளிதான் செய்து கொடுத்தார். தன்னைத் தப்ப விடாமல் அந்த அக்கா எவ்வளவு நேரம் உட்காரவைத்தார் என்று மறுநாள் முழுக்கச் சொல்லிப் புலம்பினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நான் பார்க்க ஆரம்பித்தேன். நாலு மணிக்கு மேல் வலது குதிகாலில் தொடங்கும். ஐந்தரைக்கு முழங்காலுக்குப் பின்னால் ஏறும். பஸ்ஸில் நின்றால் இடுப்பு. பத்து நாள் பார்த்தேன். பதினோராம் நாள் முதலாளியிடம் போய் மணியையும் இடத்தையும் சொல்லி, கவுன்டருக்குப் பின்னால் போட ஒரு ஸ்டூல் வேண்டும் என்றேன். "இத்தினி வருஷம் எப்பிடிம்மா நின்ன?" என்றார். தெரியவில்லை என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு டீக்குப் போய்விட்டார்.

ஒரு வாரம் கழித்து ஸ்டூல் வந்தது. அவர் வீட்டு மாடியில் கிடந்ததாம். ஏறி உட்கார்ந்து பார்த்தேன். கால் தரைக்கு எட்டவில்லை. அதையும் சொன்னேன்.